விலாசம்

எங்கள் வீட்டு முகப்பில் இருக்கும் பழைய கணக்குப் பெட்டியின் மூடியில் மூன்று எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. அப்பத்தா அவற்றை ‘விலாசம்’ என்பார்கள். செட்டிநாட்டு வணிகச் சமூகமான எங்கள் நகரத்தார் வழக்கில் விலாசம் என்பது முகவரி மட்டுமன்று. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு குடும்பத் தொழில் தன்னை ஊரறிய வைத்துக்கொண்ட அடையாளமும் அதுவே. இரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் அந்த எழுத்துகளை நம்பிக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் முதுநிலைப் படிப்புக்காகக் காரைக்குடியிலிருந்து ஜெர்மனியின் ஆகன் நகருக்குச் சென்ற எனக்கு முதல் இரண்டு மாதங்கள் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே கழிந்தன.

அங்கே குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதை ‘அன்மெல்டுங்’ என்கிறார்கள். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. இவர் இங்கே குடிவந்துள்ளார் என்று வீடு கொடுத்தவர் தனியாக ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நான் ஊரிலிருந்தே இணையம் வழியாக ஆறு வாரத்துக்கு எடுத்திருந்த அறையின் சொந்தக்காரர், பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அந்தக் கையெழுத்தைப் போட மறுத்துவிட்டார். பதிவு இல்லாததால் வரி எண் வரவில்லை. நான் அணுகிய வங்கி கணக்குத் திறக்கவில்லை. கணக்கு இல்லாததால், விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் அப்பச்சி, அதாவது என் தந்தை, கட்டியிருந்த தொகையிலிருந்து மாதந்தோறும் வர வேண்டிய பணமும் வரவில்லை. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதத்துக்கு 992 யூரோவாக இருந்தது. சொந்தப் பணம் இருந்தும் கடன் வாங்கிச் சாப்பிட்ட அந்த வாரங்களின் வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

“என்னப்பு, ஒனக்குன்னு ஒரு எடம் ஆச்சா?” என்று அப்பத்தா தினமும் கேட்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும், மூன்றரை மணி நேர இடைவெளி நான்கரையாகி, நான் வகுப்பு முடிந்து அழைக்கும்போது அவர்கள் தூங்கியிருந்தார்கள்.

என் பூட்டனார் சிங்கப்பூருக்குத் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகப் போனவர். கப்பலை விட்டு இறங்கியதும் எங்கே போவது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருக்க, பகலில் அங்கேயே வரவு செலவு பார்த்து, இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்த கிட்டங்கி அவருக்காகக் காத்திருந்தது. வேலை சொல்லிக்கொடுக்க அடுத்தாளும் மேலாளும் இருந்தார்கள். வசதி குறைந்த வாழ்க்கைதான். ஆனாலும் வந்திறங்குகிறவனுக்கு ஓர் இடத்தை முன்னரே ஏற்படுத்தி வைத்திருந்த அந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு ஆகனில்தான் விளங்கியது.

தேவகோட்டையைச் சேர்ந்த மூத்த மாணவர் ஒருவர், நான்கு பேர் தங்கும் குடியிருப்பில் காலியான அறையைச் சொன்னார். பதிவும் அன்றே முடிந்தது. ஆனால் மூன்று வாரமாகியும் வங்கி அட்டையோ காப்பீட்டு அட்டையோ வரவில்லை. மாடிப்படியின் அடியில் சாம்பல் நிறத் தபால் பெட்டிகள் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர்கள் ஒட்டப்பட்டிருந்தன. அங்கே வீட்டு எண்ணுக்கு அடுத்து அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள்; பெயர் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நான் என் பெயரை ஒட்டியிருந்தேன். கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பச்சியின் பெயர் இருந்தது. கடிதங்களும் அந்தப் பெயருக்கே வந்து திரும்பியிருந்தன. அன்று மாலை அப்பச்சியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, மழையில் நனையாதபடி ஒட்டு நாடாவால் மூடி ஒட்டினேன். நான்காம் நாள் வங்கியின் உறை வந்தது.

கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் என்னிடம், அடுத்த மாதம் அதே நாட்டுக்குப் புறப்படும் அம்மான் மகள் எதையெல்லாம் எடுத்துச் செல்வது என்று கேட்டாள். பருப்புப் பொடியும் மாவுருண்டையும் ஆச்சிமார் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டிய தாளின் படிவத்தை அவளுக்கு அச்சிட்டுக் கொடுத்து, முன்பணம் அனுப்புமுன் அதில் கையெழுத்திடச் சம்மதிப்பாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். பிறகு அவளுடைய கடவுச்சீட்டை வாங்கி, அதில் உள்ளபடியே அம்மானின் பெயரைத் தபால் பெட்டி அளவுக்கு இரண்டு சீட்டுகளில் எழுதி, அவள் கைப்பையில் வைத்தேன்.