நிற்கும் நிறங்கள்

இயற்கைச் சாயத்தையே தொழிலாகவும் வாழ்க்கையாகவும் ஆக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் செடியிலிருந்து என்ன நிறம் எடுக்கலாம் என்பதைத்தான். பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ, மஞ்சள் என்று அவர்களே ஒரு பட்டியலும் வைத்திருப்பார்கள். கொதிக்கும் பாத்திரத்தில் இவை எல்லாமே கண்ணைப் பறிக்கும். ஆனால் பீட்ரூட்டின் சிவப்பு சில சலவைகளிலேயே போய்விடும். மஞ்சளின் நிறம் கொடியில் காயும்போதே வெளுக்கத் தொடங்கிவிடும். ஆகவே நான் அவர்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறேன்: எந்த நிறம் நிற்கும்? ஒருவர் காசு கொடுத்து வாங்கி ஆண்டுக்கணக்கில் உடுத்தப்போகும் துணியில் நிற்காத நிறத்தை ஏற்றிவிட்டு, இயற்கைச் சாயம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்வது நேர்மையாகாது. கடலூரில் என் வீட்டுப் பின்கட்டில் நடக்கும் சிறிய பட்டறையின் வேலைமுறை, வரவு செலவு, பழகும் மனிதர்கள், ஆண்டை நான் பகுத்துக்கொள்ளும் விதம் எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

விடை தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவுரியின் நீலம், சாயவேரின் சிவப்பு, கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு ஆகிய மூன்றும் இந்தச் சோழமண்டலக் கரையின் நிறங்கள். இவற்றால் ஓவியம் எழுதப்பட்ட துணிகள் பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் கிடங்கு போட முக்கியமான காரணங்களுள் ஒன்றாக இருந்தன. ஆங்கிலக் கம்பெனி 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பிரான்சில் இந்தத் துணிகளுக்குத் தடையே நடப்பில் இருந்தது. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவைக் காப்பதற்காக 1686இல் போட்ட அந்தத் தடை 1759 வரை நீடித்தது. அப்படியும் மக்கள் திருட்டுத்தனமாக வாங்கி உடுத்தினார்கள். துவைக்கத் துவைக்க மங்காத சிவப்பும் நீலமும் கொண்ட பருத்தித் துணியை அவர்கள் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

அந்த இரகசியத்தை அறிந்துகொள்ள வந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகள்தாம் இன்று எனக்குப் பாடம். 1734 அளவில் புதுச்சேரியில் இருந்த போல்யூ என்னும் பிரெஞ்சு அதிகாரி, பாரிசிலிருந்த துஃபே என்னும் வேதியியலாரின் வேண்டுகோளுக்கு இணங்க, சாயக்காரர்கள் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்த்து எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டித் தம் குறிப்புடன் சேர்த்தும் வைத்தார். அந்தக் கையெழுத்துப் படி பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதம் மற்றொன்று. தம்மிடம் மதம் மாறியிருந்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, கடுக்காயையும் எருமைப்பாலையும் கலந்து துணியை நனைப்பது முதல் கடைசிச் சலவை வரை அவர் வரிசையாக எழுதியிருக்கிறார். நம் ஊர் அறிவு இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் கைவழியாக நமக்கே திரும்பி வந்திருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தக் குறிப்புகளின் நுணுக்கத்தைப் பார்க்கும்போது நன்றியும் உண்டு.

என் நாள்களில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது நீலம். அவுரி இன்றும் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நிலங்களில் பயிராகிறது. அறுத்த தழையை வாடவிடாமல் அன்றே தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். இலையில் நிறமில்லாமல் இருந்த பொருள் இரவோடு இரவாகத் தண்ணீரில் இறங்க, காலையில் தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாக நிற்கும். அதைக் கீழ்த் தொட்டிக்குத் திறந்துவிட்டுக் காற்று நன்றாகக் கலக்கும்படி மணிக்கணக்கில் அடிப்பார்கள். நீல நுரை பொங்கி எழுந்து, பிறகு மெல்ல அடங்கும். அடங்கியபின் நீலம் வண்டலாகக் கீழே தங்கும். வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டியாக வெட்டி உலர்த்துவார்கள். சாறு இறங்கிய தழை வயலுக்கு எருவாகப் போகும். கட்டியை வாங்கும்போது நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்ப்பேன். நல்ல நீலத்தில் கீறின இடம் செம்பைப் போல மின்னும். மண் கலந்த கட்டியில் அந்த மினுக்கம் வராது, தண்ணீரில் போட்டால் கல்லாக மூழ்கும்.

கட்டி நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத நிறம் நூலுக்குள் நுழையாது. அதைக் கரையவைக்க, பிராணவாயு இல்லாத காரத் தண்ணீரில் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஹைட்ரோஸ் என்னும் இரசாயனத் தூளைப் போட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும் என்பது சாயப்பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்து, தெளிந்த சுண்ணாம்பு நீரில் தாழி கட்டுகிறேன். இந்த வழியில் வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தீனி வேண்டும், காரம் வேண்டும், இளஞ்சூடு வேண்டும். தாழி பதத்துக்கு வர ஒரு வாரத்துக்கு மேலாகும். மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகும். தாழிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்திருப்பதும் சூடு இறங்காமல் இருக்கத்தான். மூடியைத் திறந்தால் மேலே செம்பு நிற ஆடை படர்ந்திருக்க வேண்டும், நடுவே நீல நுரை பூத்திருக்க வேண்டும், கோலால் விலக்கினால் உள்ளே பச்சை கலந்த மஞ்சள் தெரிய வேண்டும். வாடை கடுமையாக இருக்கும், ஆனால் அழுகல் வாடையாக இருக்கக் கூடாது. அழுகல் வாடை எழுந்தால் சுண்ணாம்பு குறைந்துவிட்டது என்று பொருள். இரு விரலால் தொட்டுத் தேய்த்தால் வழுக்க வேண்டும். வழுக்கல் குறைந்தாலும் அதே பொருள்தான்.

நனைத்துப் பிழிந்த துணியைக் குமிழி எழாமல் மெதுவாக உள்ளே இறக்கி, சற்று நேரம் கைகளால் அளைந்து, காற்றுப் புகாமல் பிழிந்தபடியே வெளியே எடுப்பேன். எடுத்த கணத்தில் துணி இளவாழைக் குருத்தின் நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டதும் விளிம்புகளில் முதலில் நீலம் ஏறும், பிறகு மடிப்புகளின் மேற்புறத்தில் ஏறும், கடைசியாகக் கைபிடித்திருந்த இடத்தில் ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த மாற்றத்தின் முன் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

ஆழ்ந்த நீலத்துக்கு ஒரே முழுக்கில் ஆசைப்படக் கூடாது. குறிஞ்சிப்பாடியில் எனக்காக நெய்யும் ஒருவர் ஒருமுறை நூல் சிட்டத்தை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு, “போன தடவ வேற ஒருத்தவங்க நீல நூல் குடுத்தாங்கம்மா, கையெல்லாம் நீலம், அச்செல்லாம் நீலம், வூட்ல சோத்துத் தட்டு வரைக்கும் நீலம். இது ஒட்டல, நெய்யலாம்” என்றார். “எட்டு முழுக்கு அண்ணே, எல்லாமே தண்ணித் தாழிதான்” என்றேன். கெட்டியான தாழியில் ஒரே முறை முக்கினால் நீலம் நூலின் மேலே அப்பிக்கொள்ளும். நீர்த்த தாழியில் முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்கினால் நீலம் உள்ளே இறங்கித் தங்கும். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு சிறிதுதான். ஆனால் தறிக்காரரின் விரலுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. மெதுவாகச் செய்வதைப் பெருமைக்காகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. என் பட்டறையில் தாமதம் வருவது இந்தக் காரணத்தால் மட்டுமே.

சிவப்பின் கதை வேறு. சாயவேர் கடலோர மணற்பாங்கில் வளரும் சிறு செடி. சித்த மருத்துவம் அதை இம்பூரல் என்று அழைத்து, இருமலில் இரத்தம் வருவதற்கு மருந்தாகக் கொடுக்கிறது. மண்ணுக்கு மேலே இருப்பது குட்டையான புல் போன்ற தோற்றம்தான். நிறமெல்லாம் ஆழமாக இறங்கிய மெல்லிய வேரின் பட்டையில் இருக்கிறது. 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் இரு ஜெர்மானியர்கள் இந்தச் சிவப்புக்குக் காரணமான அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கியபின் இந்த வேரைத் தோண்டுவோருக்கு வேலை இல்லாமல் போனது. 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்து அவுரிக்கும் அதே நிலையை உண்டாக்கியது. இன்று நான் வேர் வாங்குவது நாட்டு மருந்துக் கடையில். கடுக்காய், படிகாரம், அன்னபேதி, காசுக்கட்டி, மஞ்சிட்டி என்று எனக்கு வேண்டியவை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடுகின்றன.

பருத்தியில் சிவப்பு தானாகப் பற்றாது. ஒரு கிலோ துணிக்கு 200 கிராம் கடுக்காய்த் தூள் என்ற கணக்கில் முதலில் துவர்ப்பு ஏற்றி உலர்த்திவிட்டு, பிறகு 150 முதல் 200 கிராம் வரை படிகாரம் ஏற்ற வேண்டும். துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும், படிகாரம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். சாயத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு திடமாகும். மழைத்தண்ணீரில் செய்வதானால் கொஞ்சம் கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சேர்க்கிறேன். சூட்டை அவசரப்பட்டு ஏற்றினால் சிவப்பு பழுப்பாகச் சரிந்துவிடும் என்பதால் அடுப்பை விட்டு நகர முடியாது. செம்பு உப்பான மயில்துத்தத்தையும் குரோமியத்தையும் போட்டு நிறத்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கழிவுத் தண்ணீர் போய்ச் சேரும் மண்ணை எண்ணிப் பார்த்தால் அதை இயற்கைச் சாயம் என்று என்னால் அழைக்க முடியாது.

கறுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஆணிகளையும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத் தண்ணீரில் போட்டு வைத்தால் சில வாரங்களில் தேநீர் நிறத்தில் ஒரு கரைசல் கிடைக்கும். கடுக்காயும் எருமைப்பாலும் ஏறிய துணியில், மூங்கில் குச்சியின் நுனியை அதில் தொட்டு இழுத்தால், வெளிறிய பழுப்பாக விழும் கோடு எழுதி முடிக்கும் முன்பே கறுத்துவிடும். பாலின் கொழுப்பு இருப்பதால் கோடு பரவாமல் அதன் கரைக்குள் நிற்கும். பால் ஏற்றாத துணியில் எழுதிப் பார்த்தால் ஓரமெல்லாம் மயிர்போலக் கசிந்து ஓடுவது தெரியும். இரும்பைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும் என்பதும் பழைய துணிகள் சொல்லித் தந்த பாடம்தான். அருங்காட்சியகங்களில் உள்ள பதினெட்டாம் நூற்றாண்டுத் துணிகளில் கறுப்பு எழுதின இடங்கள் மட்டும் அரித்து உதிர்ந்திருப்பதைக் காணலாம். நிறம் நின்று துணி போய்விட்டால் யாருக்கும் பயனில்லை.

இந்த மூன்று நிறங்களும் சேர்ந்து என் ஆண்டை வகுத்துவிட்டன. மாசி முதல் ஆனி வரை வெளுப்பதும் சாயமேற்றுவதும் உலர்த்துவதும் தடையில்லாமல் நடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலூரில் துணி காயாது. 2011இன் தானே புயல், 2015இன் வெள்ளம், 2024இன் பெஞ்சல் என்று பார்த்தவர்கள் மழைக்காலத்தை நம்பி எந்த வாக்கும் கொடுக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் தையல், அடுத்த ஆண்டுக்கான கோட்டோவியங்கள், கணக்கு, வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதுவது ஆகியவற்றைச் செய்கிறேன். ஓவியமெல்லாம் மழையில்தான் பிறக்கிறது என்பதால் அந்த மாதங்களை வீண் என்று நான் நினைப்பதில்லை.

வருமானத்தையும் மறைக்க வேண்டியதில்லை. மழை மாதங்களில் விற்பனை இருக்காது, ஆகவே கோடையில் வந்ததைப் பிரித்து வைக்கத் தெரிய வேண்டும். பெருநகரக் கடையொன்று ஒரே அச்சில் வார்த்தது போன்ற நீலத்தில் நிறையத் துப்பட்டாக்களை மூன்று வாரத்தில் கேட்டது. ஹைட்ரோஸ் போடாமல் அது முடியாது என்று சொல்லிவிட்டேன். விலையில் நூல், நெசவுக் கூலி, சாயப்பொருள், என் கூலி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிச் சீட்டாகத் துணியோடு கொடுக்கிறேன். அந்தச் சீட்டைப் பார்த்தபின் பேரம் பேசுகிறவர்கள் குறைவு; பழுதுபார்த்துத் தரும்படி பழைய துணியைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் ஆண்டுதோறும் கூடிவருகிறார்கள். தொழிலாக இதைத் தொடங்குகிறவர்கள் முதல் சில ஆண்டுகளுக்கு வேறொரு வருமானத்தைக் கைவிடாமல் இருப்பது நல்லது என்பேன்.

இன்னும் என் கைக்கு வராதது மஞ்சள் நிறம். பழைய சோழமண்டலத் துணிகளின் படங்களைப் பார்த்தால் இலைகளும் கொடிகளும் பெரும்பாலும் நீலமாக இருக்கும். எழுதினவர் அவற்றைப் பச்சையாகத்தான் எழுதினார்: நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டினார். இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் மஞ்சள் போய் நீலம் மட்டும் நின்றிருக்கிறது. அவ்வளவு தேர்ந்த கைகளுக்கே பிடிகொடுக்காத நிறம் அது. மாதுளைத் தோலையும் துலுக்கச் செவ்வந்தியையும் படிகாரம் ஏற்றிய துணியில் தீட்டி, ஒவ்வொரு துண்டிலும் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, மொட்டைமாடியின் தெற்குச் சுவரில் வெயில்படக் கட்டியிருக்கிறேன். செவ்வந்தியில் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே இப்போதே கோடு தெரிகிறது. மாதுளையில் இன்னும் தெரியவில்லை. ஆனி முடியும்வரை அது அப்படியே இருந்தால், இலைகளுக்குப் பச்சை தீட்டத் தொடங்குவேன்.