காலை ஆறே கால்: தம்பி அடிபட்ட பிறகு நான் ஏறி இறங்கிய படிகள்

என் தம்பி அடிபட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு. பெருநாள் காலம் இல்லை, பள்ளி விடுமுறை இல்லை, மழைகூட இல்லை. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கம் இருக்கும் எங்கள் தாமானிலிருந்து, அதாவது குடியிருப்பிலிருந்து, பத்து காவான் தொழிற்பேட்டைக்கு ஏழு மணி ஷிப்ட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். பக்கத்துச் சாலையிலிருந்து வந்த கார் பெரிய சாலைக்குத் திரும்பும்போது அவனை இடித்துவிட்டது.

அவனுடைய ஃபோனிலிருந்தே எனக்கு அழைப்பு வந்தது. பேசியது முச்சந்தியில் ஒட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணன். "அக்கான்னு இருந்துச்சும்மா, அதான் போட்டேன். உயிருக்கு ஒன்னும் இல்ல, கால்தான்" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பியிருந்தது. மோட்டார் கால்வாயில் சாய்ந்து கிடந்தது. கொக்கியில் தொங்கிய நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் மட்டும் கட்டு அவிழாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு ஆறவில்லை. அந்தப் பொட்டலம் பிறகு எங்களுக்கு எத்தனை தூக்கம் கெடுக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. அறுவை சிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மருத்துவமனையில் எங்களை நன்றாகவே கவனித்தார்கள். நான் எழுத வந்தது அதற்கு வெளியே நடந்ததைப் பற்றி. இதே நிலையில் நாளைக்கு யாராவது ஒரு அக்காவோ மனைவியோ கையைப் பிசைந்துகொண்டு நிற்கக்கூடும். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் போலீஸ் ரிப்போர்ட். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். தம்பி அறுவை அறையில் இருந்ததால் நான் போனேன். உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள், அவர் தேறியதும் விசாரணை அதிகாரி அவரிடம் வாக்குமூலம் வாங்குவார் என்றார் சார்ஜன். கார்க்காரர் எனக்கு முன்பே வந்து எழுதிக் கொடுத்திருந்தார். மோட்டார் வேகமாக வந்தது, விளக்கு போடவில்லை என்பது அவர் சொன்னது.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அங்கே நின்று அழுது ஒன்றும் ஆகப் போவதில்லை. தம்பியின் மோட்டார் புதிய ரகம், எஞ்சின் ஓடினாலே முன்விளக்கு எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கு போட்டுத்தான் ஓட வேண்டும் என்பது 1992லிருந்து நம் நாட்டுச் சட்டம். இதைச் சொன்னேன். சார்ஜன் தலையாட்டிவிட்டு அதையும் சேர்த்து டைப் செய்தார். அச்செடுத்துக் கொடுத்ததும் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மோட்டாரின் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. "அக்கா, நல்ல வேளை பார்த்தீங்க" என்று உடனே திருத்திக் கொடுத்தார். மலாயில் எழுதியிருக்கிறது, அவசரம், தலை சுற்றுகிறது, எதுவாக இருந்தாலும் சரி, கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள். பிறகு வரும் அத்தனை பேரும் அந்த ஒரு தாளைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது, கேமரா. முச்சந்திக்கு எதிரில் ஒரு மோட்டார் பட்டறை உண்டு. வாசலில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். அன்று மாலையே போய்க் கேட்டேன். தவ்கே, அதாவது பட்டறை முதலாளி, சீனர், வயதானவர். "ஏழு நாள்தான் இருக்கும், அப்புறம் அதுவே அழிஞ்சுடும்" என்றார். ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். படம் மங்கல்தான், ஆனால் தம்பியின் முன்விளக்கு வெள்ளைப் பொட்டாக நேராக வருவதும், கார் நிற்காமல் குறுக்கே திரும்புவதும் தெரிகிறது. அதை ஒரு தடவைதான் பார்த்தேன். பிரதி எடுத்து விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்தேன். சில மாதம் கழித்துக் கார்க்காரருக்குச் சம்மன் கொடுத்ததாகத் தகவல் வந்தது.

ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தம்பியுடையது இடது பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. நம் நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் ஆனது 1973இல். அம்மா அதைப் பூஜை அறைக்கு வெளியே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் வார்டுக்கு ஓர் ஆள் வந்தார். நல்ல தமிழ், நல்ல சட்டை. "தங்கச்சி, ஒரு கையெழுத்துப் போடுங்க, வக்கீல் எல்லாம் பார்த்துக்குவார், லட்சக்கணக்குல வரும்" என்றார். நாங்கள் அவருக்குத் தகவல் சொல்லவே இல்லை. தம்பி எந்தக் கட்டிலில் இருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? இப்படி ஆள் பிடிப்பது சட்டப்படி தவறு. கார்க்காரரின் காப்புறுதியிலிருந்து இழப்பீடு கேட்க நமக்கு உரிமை உண்டு, வக்கீல் வைப்பதும் சரிதான். ஆனால் தனியார்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் கிடப்பவனிடம் கையெழுத்து வாங்கும் அளவுக்கு எந்த அவசரமும் இல்லை. நிதானமாக, நேரில் அலுவலகத்துக்குப் போய் விசாரித்து, நாங்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம்.

இனி சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். இப்போது பெர்கேசோ என்கிறோம், எங்கள் வீட்டில் இன்னும் சொக்சோதான். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து வேலையில் நடந்த விபத்தைப் போலத்தான் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை. தம்பியின் தொழிற்சாலையில் நான் பேசிய கிராணிக்கே (அலுவலக எழுத்தருக்கே) தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே நடந்தது எங்கள் பொறுப்பு இல்லை என்று ஃபோனை வைத்துவிட்டார்.

அது தவறு. தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளிதான் பெர்கேசோவுக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு பாரம், அதாவது படிவம், இருக்கிறது. இரண்டு நாள் காத்திருந்தேன். அப்புறம் நேராக பெர்கேசோ அலுவலகத்துக்கே போய்விட்டேன். முகப்பில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டு, என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதைப் படம் எடுத்துத் தொழிற்சாலை மேலாளருக்கு அனுப்பினேன். மறுநாள் பாரம் போயிற்று.

போலீஸ் ரிப்போர்ட், மருத்துவ விடுப்புச் சீட்டுகள், ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கிக் கணக்கு, பஞ்ச் கார்டு. இவை எல்லாம் எளிது. எங்களை உட்கார வைத்தது வரைபடம். வீட்டிலிருந்து வேலையிடம் வரை அவன் வழக்கமாகப் போகும் பாதையை வரைந்து, விபத்து நடந்த இடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

வார்டில் தம்பியின் கட்டிலில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையை இழுத்து அதன்மேல் தாளை விரித்தேன். அவன் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். தாமான் வாசல், சூராவ் (சிறிய தொழுகை இல்லம்), செம்பனைத் தோட்டத்து ஓரம், பெரிய சாலை. பெரிய சாலை வந்ததும் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். "அக்கா, நாசி லெமாக் கடைய போடணுமா?" என்றான்.

காரணம் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியை விட்டு விலகியோ இடையில் நிறுத்தியோ இருக்கும்போது விபத்து நடந்தால் அது செல்லாது என்று அதே சட்டம் சொல்கிறது. பக்கத்து வீட்டு மாமா முந்தின நாள்தான் சொல்லியிருந்தார், கடையில் நிறுத்தியதைச் சொல்லாதே, விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்கள் என்று. இரவெல்லாம் யோசித்தேன். அந்தப் பொட்டலம் கொக்கியில் தொங்கியதைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும், சோறு வாங்க ஐந்து நிமிடம் நின்றது ஒரு குற்றமா? மறைக்க எனக்கு விருப்பமில்லை. கடையை ஒரு சிறிய பெட்டியாக வரைந்து பெயர் எழுதினேன். அது அவன் தினமும் போகும் அதே சாலையில்தான் இருக்கிறது என்றும், வாங்கிக்கொண்டு கிளம்பி அதே வழியில் வேலையிடம் நோக்கிப் போனபோதுதான் விபத்து நடந்தது என்றும் ஒரு தனித்தாளில் எழுதித் தம்பியிடம் கையெழுத்து வாங்கினேன்.

பெர்கேசோ அதிகாரி அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். கடைக்கும் முச்சந்திக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். இருநூறு மீட்டர் என்றேன், காலால் அளந்து வைத்திருந்தேன். "மறைக்காம எழுதினீங்க, நல்லது" என்றார். ஆறு வாரத்தில் அங்கீகாரக் கடிதம் வந்தது. தற்காலிக முடக்க உதவித்தொகை, சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. விடுப்பு குறைந்தது நான்கு நாளாவது இருந்தால்தான் இது கிடைக்கும். தம்பிக்கு மாதக்கணக்கில் இருந்தது. அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் வீட்டுத் தவணை நின்றிருக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் எங்கள் தாமானிலேயே ஆறேழு பேர். அவர்களுக்குச் சம்பளத்தில் பிடிக்க முதலாளி இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சுயதொழில் செய்பவர்களுக்கும் பெர்கேசோ பாதுகாப்பு வந்துவிட்டது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள் தம்பிகளா.

இதெல்லாம் முடிந்த பிறகும் அந்த முச்சந்தி என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஒட்டுக்கடை அண்ணனிடம் தேநீர் குடிக்கப் போனபோது கேட்டேன், இங்கே அடிக்கடி நடக்குமா என்று. அவர் பதில் சொல்லாமல் கடைக்குப் பின்னால் கூட்டிப் போய் ஒரு பெயிண்ட் வாளியைக் காட்டினார். உள்ளே உடைந்த விளக்குக் கண்ணாடி, சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள், பக்கக் கண்ணாடி ஒன்று. "கஸ்டமர் கால்ல குத்தும்னு கூட்டி வைப்பேன்மா. இது தீபாவளிக்கு அப்புறம் சேர்ந்தது" என்றார். அப்போது பங்குனி மாதம். வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. இதில் எத்தனை போலீஸ் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்? கீழே விழுந்து, தட்டிக்கொண்டு எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுகிறவர்கள்தானே நம்மவர்கள்.

2016இல் நம் நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2020இல் அது 4,634 ஆகக் குறைந்தது. கட்டுப்பாடு போனதும் 2022இல் மறுபடி ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பெருநாள் வந்தால் நெடுஞ்சாலைகளில் சோதனையும் பிரசாரமும் நடக்கிறது, அது வேண்டியதுதான். ஆனால் எங்களைப் போன்ற சிற்றூரில் ஆட்கள் அடிபடுவது சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், ஷிப்ட்டுக்குப் போகும் வழியில். 2014இல் பினாங்குத் தீவுக்கான இரண்டாவது பாலம் திறந்த பிறகு பத்து காவானில் தொழிற்சாலைகள் பெருகின. காலையில் பஸ், லோரி, கார், ஆயிரக்கணக்கான மோட்டார் எல்லாம் வந்து சேரும் சாலைகளில் சில, தோட்டத்துக் காலத்து அகலத்திலேயே இருக்கின்றன.

மூன்று நாள் விடியற்காலை அந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்துச் சாலையின் வெள்ளை நிறுத்தக் கோடு தேய்ந்து தாரின் நிறமாகிவிட்டது. நில் பலகையை ஒரு மரக்கிளை மறைக்கிறது. மூலையில் இருக்கும் தெருவிளக்கு எரியவில்லை. கார்க்காரர் செய்தது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இருட்டில் பலர் நிற்காமல் திரும்பியதை நானே பார்த்தேன்.

படம் எடுத்துப் புகார் எழுதினேன். எந்த நேரம் எடுத்தது, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் குறித்தேன். ஓர் அலுவலகம் அது எங்கள் சாலை இல்லை என்றது. அடுத்த அலுவலகமும் அதையேதான் சொன்னது. விசாரித்ததில் பெரிய சாலை ஒருவருடையது, பக்கத்துச் சாலை இன்னொருவருடையது, விளக்கு மூன்றாமவருடையது என்று புரிந்தது. அதனால் ஒரே கடிதத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவருடையதை மட்டும் எழுதினேன். அது வேலை செய்தது. முன்பு எல்லாவற்றையும் சேர்த்து எழுதியபோது மற்றவரைக் காட்டி ஒதுங்க வழி இருந்தது. புகார் எண்ணை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளையை இரண்டு வாரத்தில் வெட்டினார்கள். அடுத்த மாதம் ஒரு ராத்திரி கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் அண்ணன் எனக்குப் படம் அனுப்பினார், தாரின்மேல் பால் மாதிரி வெள்ளை.

தம்பி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான், கொஞ்சம் சாய்ந்து. பெர்கேசோவின் வேலைக்குத் திரும்பும் திட்டத்தில் பயிற்சிக்குப் போகிறான். முச்சந்தி விளக்கு இன்னும் எரியவில்லை. புகார் எண் என் ஃபோனில் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி அழைக்கிறேன்.