நடுச்சுவர்

பழைய கடைவரிசையை அளவெடுக்க வரும் இளம் படவரைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, கடை கடையாகப் பிரித்து வரையாதீர்கள் என்பதைத்தான். காணி உறுதிப் பத்திரத்தில் அவை தனித்தனிக் காணிகள். மேசனும் ஓடாவியும் கட்டியதோ ஒரே கட்டடம்.

போர் முடிந்து, வீதி அகலிப்பும் புதுக் கட்டட அனுமதிகளும் ஒன்றாக வந்து குவிந்த காலத்தில் இந்த வேலை எனக்கு வாய்த்தது. ஏ9 வீதியோரச் சிறு பட்டினம் ஒன்றில் ஏழு கடைகள். முன்னுக்குக் கடை, நடுவில் இருட்டான சாமான் அறை, பின்னுக்குக் குடியிருப்பு, அதற்கும் பின்னால் முற்றமும் கிணறும். இரண்டு கடைகளுக்குக் கூரையே இல்லை. யாழ்தேவி ரயில் ஓடிய பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போன நாட்களில் பல வீடுகளின் கூரையைத் தாங்கிய வளை மரங்களும் அந்த வழியே போயின. ஆனாலும் சுவர்கள் நின்றன. குறுக்குச் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றதே காரணம்.

கூரை ஓடு ஒன்றைத் திருப்பினால் அடியில் மங்களூர் ஆலையின் பெயரும் 1865 என்ற ஆண்டும் இருக்கும். கடைக்காரர் பலர் அதையே கட்டடத்தின் வயதாகச் சொல்வார்கள். அது பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கத்தின் ஓட்டாலை தொடங்கிய ஆண்டு. பின்னாளில் அடித்த ஓட்டிலும் அதே ஆண்டுதான். வன்னிக்குள்ளால் கொழும்பு - யாழ்ப்பாண ரயில் முழுத்தூரம் ஓடத் தொடங்கியது 1905இல். இவ்வளவு பாரமான ஓடு அதற்குப் பிறகே இங்கே இலகுவாக வந்து இறங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே வயது பார்க்க நான் ஓட்டை விட்டுவிட்டுச் சாந்தைச் சுரண்டிப் பார்க்கிறேன், சுண்ணாம்பா சீமெந்தா என்று.

நான் அதிக நேரம் நிற்பது நடுச்சுவரில், அதாவது இரு கடைகளுக்கும் பொதுவான சுவரில். இந்த வரிசையில் வளைகள் முன்பின்னாக ஓடவில்லை. ஒரு நடுச்சுவரிலிருந்து அடுத்த நடுச்சுவருக்குப் பாய்கின்றன. ஒரே சுவரில் இந்தக் கடை வளையின் தலையும் அந்தக் கடை வளையின் தலையும் எதிரெதிராக இருக்கின்றன. ஒருவர் தன் பங்கை இடித்து மாடி எழுப்பினால் பக்கத்துக்காரரின் கூரை இருப்பிடம் இழக்கும். புது அத்திவாரத்துக்குக் குழி ஆழமாகப் போனால், ஆழமில்லாத பழைய அத்திவாரத்தின் மண் சரியும். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த பெரியவரிடம் இதைச் சொல்லத் தொடங்கினேன்.

"தம்பி, உது எனக்குத் தெரியும். பக்கத்துப் பொடியனுக்குச் சொல்லுங்கோ. அவன்தான் கொங்கிரீட் பிளாற் அடிக்கப் போறான்."

"அவருக்கும் சொல்லுவன் ஐயா. முதல்ல உங்கட வளையைப் படத்தில போட்டுத் தாறன்."

அந்தப் பெரியவருடைய கடையில் மட்டும் பலகைக் கதவு மிஞ்சியிருந்தது. கீழ்ப்படியில் பலகை பொருந்த நீளமாக வெட்டிய ஒரு காடி, மேல் உத்தரத்தில் சற்று ஆழமான காடி. பலகையை மேலே தூக்கிச் செருகி, கீழே இறக்கி, பக்கவாட்டில் தள்ளுவார். ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் ஓடாவி உளியால் வெட்டிய கோடுகள்: முதலாவதுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு. வரிசை மாறினால் கடைசிப் பலகை நுழையாது. காலையில் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கினால் கடை முழு அகலத்துக்கும் திறந்துவிடும். மற்றவர்கள் இரும்பு ஷட்டர் போட்டதில் எனக்குக் கோபமில்லை. களவுக்குப் பயந்து போட்டார்கள். ஆனால் ஷட்டர்ப் பெட்டியை மாட்ட உத்தரத்துக்கு மேலிருந்த காற்றுச் சட்டங்களை அடைத்தபிறகு, சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடிவதில்லை.

விறாந்தையும் அப்படித்தான். முன்கூரை தொடர்ச்சியாக இறங்குவதால் மாரி மழையில் ஏழு கடையையும் நனையாமல் நடந்து கடக்கலாம். சோளகம் அள்ளிவரும் புழுதியும் அங்கேயே பாதி தங்கிவிடும். ஒருவர் தன் முன்பக்கத்தை மறித்துக் கட்டினால் அந்த நடைபாதை எல்லோருக்குமே முறிகிறது. புதுக் கொங்கிரீட் தட்டுக்கும் பழைய ஓட்டுக்கும் இடையில் மழைநீர் ஓடப் பீலி வைக்காமல் விட்டால், பக்கத்துக் கூரைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். பிறகு சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொருக்கு விடுகிறது, ஆளாளுக்கு மேசனைப் பேசுகிறார்கள்.

எனவே இப்போது ஒரு கடைக்கு அனுமதி கேட்டு வந்தாலும் நான் முழு வரிசையின் வீதிமுகத்தையும் ஒரே தாளில் வரைகிறேன். இரு பக்க நடுச்சுவர்களின் கனம், அவற்றில் ஏறியிருக்கும் பக்கத்து வளைகள், தண்ணீர் விழும் பக்கம், இவ்வளவும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். உரிமையாளர் கையெழுத்து வைக்குமுன் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, வளைத் தலையை விரலால் தொட்டுக் காட்டுகிறேன்.