மாக்குலா சிதைவு: கண் ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

மாக்குலா என்பது நேர்ப்பார்வையைத் தரும் விழித்திரையின் நடுப்பகுதி. வயதானவர்களுக்கு வரும் மாக்குலா சிதைவில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு. வீட்டில் யாருக்காவது இது என்று மருத்துவர் சொன்னால், எந்த வகை, எந்தக் கண்ணில், எந்த நிலையில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உலர் வகையில் விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் என்ற மஞ்சள் படிவுகள் சேர்ந்து, பல ஆண்டுகளில் மெல்லப் பார்வை மங்கும். ஈர வகையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவதால் சில நாட்களிலேயே நேர்க்கோடு வளைந்து தெரியும், பார்வையின் நடுவே கறை விழும். அப்படித் தெரிந்தால் அந்த வாரமே, விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கசிவு நீடித்துத் தழும்பாகிவிட்ட இடத்தில் எந்த மருந்தாலும் பார்வையைத் திருப்பித் தர முடியாது.

ஈர வகைக்கு முதன்மைச் சிகிச்சை, கண்ணுக்குள் போடும் ஆன்டி-விஇஜிஎஃப் ஊசி. ரத்தக் குழாய்களை வளரவும் கசியவும் தூண்டும் புரதத்தை இது முடக்குகிறது. ஊசி என்றதும் பலர் நடுங்கிப்போகிறார்கள். உள்ளே போவது பெரும்பாலும் 0.05 மி.லி. மருந்துதான். மரத்துப்போகச் சொட்டு விட்டு, போவிடோன் அயோடினால் கண்ணைச் சுத்தம் செய்து, இமையை விரித்துப் பிடித்து, கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி, வெள்ளை விழி வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். குத்துவதற்குச் சில நொடிகளே ஆகும். அன்று மாலை வரும் எரிச்சலுக்கு முக்கியக் காரணம் அயோடின். தொற்றைத் தடுப்பதும் அதுதான் என்பதால், எரிகிறதே என்று அதை வேண்டாம் எனச் சொல்லாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை இந்த ஊசிக்காகத் தாமாக நிறுத்தக் கூடாது. அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குத்திய இடத்தில் ரத்தச் சிவப்பு ஓரிரு வாரம் இருக்கலாம். மிதக்கும் குமிழி ஓரிரு நாளில் மறையும். இவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முதல் வாரத்துக்குள் வலி கூடிக்கொண்டே போனாலோ, வெளிச்சம் தாங்காமல் பார்வை மங்கினாலோ அது கண்ணுக்குள் ஏற்பட்ட தொற்றாக இருக்கலாம். சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்கு நேர்கிற அரிய சிக்கல் இது. என்றாலும் விடியட்டும் என்று இருந்துவிடாமல் இரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

தொடக்கத்தில் மாதம் ஒன்றாக 3 ஊசிகள். பிறகு ஸ்கேனில் கசிந்த நீர் இல்லையென்றால், இடைவெளியை இரண்டிரண்டு வாரமாகக் கூட்டி 12 அல்லது 16 வாரம் வரை நீட்டுவார்கள். நீர் திரும்பினால் குறைப்பார்கள். சிகிச்சை கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். 'நன்றாகத்தானே தெரிகிறது' என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். 'ஒன்றும் கூடவில்லையே' என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். மாதாமாதம் ஊசி போட்ட ஆய்வுகளில், ஓராண்டு முடிவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பார்வை பெரிதாகக் குறையாமல் நின்றது. எழுத்துப் பலகையில் மூன்று வரி கூடுதலாகப் படிக்க முடிந்தது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். அதனால், குறையாமல் இருப்பதே இங்கே வெற்றி.

எந்த மருந்து என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விலை குறைந்த பெவாசிசுமாப், ரானிபிசுமாப் அளவுக்கே பார்வையைக் காப்பதை 2011-இல் வெளியான காட் ஆய்வு காட்டியது. கண்ணுக்கென்று தனியாக ஒப்புதல் பெறாமல் பயன்படுவதாலும், சிறு அளவுகளாகப் பிரித்து நிரப்பப்படுவதாலும், பெவாசிசுமாப் நிரப்பப்படும் இடத்தின் தூய்மை முக்கியம். அஃப்ளிபெர்செப்ட் 8 மி.கி., ஃபாரிசிமாப் ஆகியவை இடைவெளியை நீட்ட உதவலாம். விலை உயர்ந்த மருந்தைத் தொடங்கிப் பணம் போதாமல் நிறுத்துவதைவிட, கட்டுப்படியாகும் மருந்தை விடாமல் தொடர்வதே மேல்.

உலர் வகையின் இடைநிலையில் ஏஆர்இடிஎஸ்-2 என்ற வைட்டமின், தாதுச் சத்து மாத்திரை, முற்றிய நிலைக்குப் போவதைக் குறைக்கும்: வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் இ 400 ஐயூ, லூட்டின் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி., துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி. தொடக்க நிலையில் இதனால் பயன் நிரூபிக்கப்படவில்லை. புகைப்பவர்களும் புகைத்து விட்டவர்களும் பீட்டா கரோட்டின் சேர்ந்த பழைய கலவையைத் தொடக் கூடாது. நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. திட்டுத் திட்டாகத் திசு அழியும் நிலைக்கு, 2023-இல் அமெரிக்காவில் பெக்செட்டாகோப்ளான், அவாசின்காப்டாட் பெகால் என்ற இரு ஊசிகள் ஒப்புதல் பெற்றன. அவை அழிவின் வேகத்தைக் குறைக்கும், இழந்த பார்வையை மீட்காது. ஈர வகை உருவாகும் வாய்ப்பையும் கூட்டுகின்றன.

எந்த வகையானாலும், கோடு வளைகிறதா என்று பார்க்க, நடுவில் புள்ளி வைத்த ஆம்ஸ்லர் கட்டத் தாள் ஒன்று வீட்டில் இருக்கட்டும். படிக்கும் கண்ணாடி போட்டு, ஓரடி தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். இரு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.