ஹவில்தார் மகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை: நாங்கள் வாங்கிய விதம்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சென்னையில் ஒரு வங்கியில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார், எப்போதாவதுதான் ஊருக்கு வர முடியும். அதனால் மகளின் கல்வி உதவித்தொகைக்கான காகித வேலையை முழுக்க நான்தான் பார்த்தேன். வேலூர் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிற ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் உறவிலும் தெருவிலும் இந்தத் தொகைக்குத் தகுதியிருந்தும் வாங்காமல் விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்ததால் யாரும் விடவில்லை. படையிலிருந்து வெளியே வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் பிள்ளையின் பெயர் சரியாக இல்லை, அதைத் திருத்துவதற்குள் தேதி முடிந்துவிட்டது. நான் இதை எழுதுவதே குடும்ப விவரம் இருக்கிற அந்த ஒரு பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள் என்று சொல்லத்தான்.

திட்டம் 2006-07இல் தொடங்கியது. தேசிய பாதுகாப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது. 1962 சீனப் போர் சமயத்தில் மக்கள் கொடுத்த நன்கொடையில் உருவான நிதி அது. அதிகாரி அந்தஸ்துக்குக் கீழே பணிபுரிந்து வெளியே வந்த முப்படை வீரர்கள், கடலோரக் காவல் படையினர் ஆகியோரின் பிள்ளைகளும், வீரர்களின் விதவைகளும் விண்ணப்பிக்கலாம். பெண் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண் பிள்ளைக்கு 2,500. வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். நாடு முழுவதும் வருடத்துக்கு 5,500 பேருக்குத்தான், அதில் பாதி பெண்களுக்கு. பி.இ., எம்.பி.பி.எஸ்., நர்சிங், பி.எட்., பி.சி.ஏ. மாதிரி தொழில்முறைப் படிப்புகளுக்கு மட்டும் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும். முதல் வருடத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் அவ்வளவுதான், இரண்டாம் வருடத்தில் புதிதாகக் கேட்க முடியாது. இன்னொன்று, சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற துணை ராணுவப் படைக் குடும்பங்களுக்கு இதே பெயரில் தனித் திட்டம் இருக்கிறது. அது உள்துறையின் கீழ் வருவது, தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் போட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணி இரண்டையும் ஒன்றென்று நினைத்து அலைந்தார்.

மகள் பிளஸ் டூ படிக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் எழுதிய பக்கத்தைப் பிரித்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, இங்க ஹெச் இல்லையே. பிறந்த தேதியும் ஒரு நாள் தள்ளி இருக்குது" என்றார். மகள் பிறந்தபோது வீட்டுக்காரர் வடக்கே பணியில் இருந்தார். ஊரிலிருந்து போன கடிதத்தைப் பார்த்து யூனிட்டில் யாரோ எழுதியது அப்படியே பதிவாகியிருந்தது. "இதோட விண்ணப்பம் போட்டா மேல திருப்பிடுவாங்க. முதல்ல பார்ட் டூ ஆர்டர் வாங்குங்க" என்று சொல்லி, மனுவை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரியையும் கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பார்ட் டூ ஆர்டர் என்பது ராணுவப் பதிவேட்டில் குடும்ப விவரம் சேர்ந்ததற்கோ திருத்தப்பட்டதற்கோ வெளியிடும் உத்தரவு. பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், ஆதார், டிஸ்சார்ஜ் புக் நகல், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட அஃபிடவிட் எல்லாவற்றையும் இணைத்து அவருடைய பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். வெகு நாள் பதிலே இல்லை. அப்புறம் அஃபிடவிட்டின் வாசகம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். எந்த வாசகம் வேண்டும் என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கலாம். இருபது வருடம் நாட்டுக்காக உழைத்தவரின் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி எழுத மனம் வர வேண்டும். நல அலுவலகத்தில் கேட்டு வேறு அஃபிடவிட் போட்டு மறுபடி அனுப்பினோம். உத்தரவு கையில் கிடைத்தபோது பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. முன்கூட்டியே தொடங்கியிருக்காவிட்டால் அந்த வருடம் போயிருக்கும்.

கலந்தாய்வு பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கையில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் தனியாக உண்டு. இந்தச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். அதற்கான சான்றிதழும் இதே நல அலுவலகத்தில்தான். மகளுக்கு இடம் கிடைத்தது அந்த ஒதுக்கீட்டில்தான்.

பிரதமர் உதவித்தொகை விண்ணப்பம், முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் போட வேண்டும். அதில் மூன்று இணைப்புப் படிவங்கள். ஒன்று, முன்னாள் படைவீரர் என்று நல அலுவலகம் தரும் சான்று. இன்னொன்று, பிள்ளை அங்கே படிக்கிறது என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்று. மூன்றாவது வங்கிச் சான்று. முதலாவது உடனே கிடைத்தது. கல்லூரிதான் இழுத்தது. அவர்களிடம் சொந்த போனஃபைடு படிவம் இருக்கிறது, அதைத்தான் தருவோம் என்றார்கள். சைனிக் போர்டு தன் படிவத்தில் இருந்தால்தான் ஏற்கும். அலுவலக ஜன்னலில் இருந்த பெண், "எல்லாரும் இதைத்தானே வாங்கிட்டுப் போறாங்க" என்று மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் போர்டின் படிவத்தையும் அறிவிப்பையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேராகக் கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முத்திரையை மட்டும் உடனே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் பாதி எழுத்து விழவில்லை, அங்கேயே இன்னொரு முறை குத்த வைத்தேன்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். என்னோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட் ஒத்துவராது என்று சொன்னதால் தனிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்தோம். ஆன்லைனில் போட்ட பிறகு அசல் சான்றிதழ்களோடு நல அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் சரிபார்த்து மேலே அனுப்புவார்கள். அங்கிருந்து மாநில அலுவலகம், பிறகு டெல்லி. விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தளத்தில் பார்க்கலாம். யாராவது ஆட்சேபம் எழுதியிருந்தால் அதிலேயே தெரியும், அதனால் அடிக்கடி பாருங்கள்.

மகள் பெயர் பட்டியலில் வந்தது. 36,000 ரூபாய் அவள் கணக்கில் ஏறிய அன்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். சற்று நேரம் பேசவில்லை. "என் சர்வீஸுக்குப் புள்ளைக்கு ஏதோ ஆச்சு" என்றார். அந்தப் பணத்தில் அவளுக்கு லேப்டாப் வாங்கினோம், மீதி ஹாஸ்டலுக்குப் போனது.

ஒன்பதாவது படிக்கிற மகனுக்கு வேறு உதவி இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து ஹவில்தார் வரையிலான அந்தஸ்தில் இருந்தவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் கல்வி மானியம் தருகிறார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, ஒரு வகுப்பு தேறிய பிறகு அந்த வருடத்துக்குக் கேட்க வேண்டும். டிசம்பர் 7 கொடிநாளில் திரட்டும் பணமும் இந்த மாதிரி உதவிகளுக்குத்தான் போகிறது. அவனுடைய பெயரும் பதிவேட்டில் ஓர் எழுத்து மாறித்தான் இருந்தது. மகளுக்கு மனு கொடுத்தபோதே அவனுடையதையும் சேர்த்துத் திருத்திவிட்டோம்.

உதவித்தொகை அடுத்தடுத்த வருடங்களுக்குத் தொடர, ஒவ்வொரு வருடமும் 50 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். மகள் முதல் வருடம் நன்றாகவே செய்திருக்கிறாள். புதுப்பிப்பு விண்ணப்பம் இப்போது நல அலுவலகத்தில் சரிபார்ப்பில் இருக்கிறது.