முகத்தில் வந்தது அம்மை இல்லை, லூபஸ்

சேலம் செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குக் கொக்கி மாட்டும் வேலை எனக்கு. 2018 ஆனியில் காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து ஒரு மணி நேரம் போனால்தான் குறடு பிடிக்க வரும். சிக்குன்குன்யா வந்துபோன வலி என்றார்கள் ஒரு கிளினிக்கில். வலி மாத்திரையாக விழுங்கினேன்.

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க உச்சி வெயிலில் நின்றேன். மறுநாள் இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் செக்கச் சிவப்பு. "ஆத்தா வந்திருக்கா கண்ணு, மருந்து எதுவும் வேண்டாம்" என்று அத்தை நிலையில் வேப்பிலை செருகிவிட்டார். அவர் அன்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மை என்றால் கொப்புளம் வரும், காயும், உதிரும். இது பத்து நாளாக அப்படியே இருந்தது. அப்போதே சிறுநீரில் சோப்புத் தண்ணீர் போல நுரை. அதைப் போய் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கால் வீங்கி என் கொலுசே கணுக்காலில் பதிந்து தடம் விழுந்த அன்றுதான் வாத நோய் டாக்டரிடம் போனோம். "யூரின் போறப்ப நுரை வருதாம்மா?" என்று முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். அது நல்ல உடம்புக்காரர்களுக்கும் வரலாம் என்பதால் டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4 என்று அடுத்தகட்ட ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் பார்த்தார்கள். பிறகு சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஊசி. அப்புறம் விடியும்வரை மல்லாந்தபடி அசையாமல் கிடக்க வேண்டும். வந்திருப்பது லூபஸ், எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய் என்றார்கள். சிறுநீரகத்தையும் பிடித்திருந்தது, கடுமையான நான்காம் வகை.

ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்று மாத்திரைகள் ஆரம்பித்தார்கள். முகம் உப்பியது. ஒரு கல்யாணத்தில் நாலு பேர் கேட்டதும் ஸ்டீராய்டை நானே நிறுத்திவிட்டேன். மூன்றே வாரத்தில் நுரை திரும்பி வந்தது. பல மாதம் ஸ்டீராய்டு எடுத்தால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைக் குறைத்துவிடுமாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

2020 மார்ச்சில் வேறொரு சோதனை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்குக் கேட்கும் என்று பேச்சுக் கிளம்பியதும் கடைகளில் தீர்ந்துபோனது. ஊரடங்கில் வீட்டுக்காரர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து கடை ஏறி இறங்கி ஒரு அட்டை வாங்கி வந்தார். விலை குறைந்த மாத்திரைதான், ஆனால் நோய் திரும்பக் கிளம்பாமல் அடக்கி வைப்பது அதுதான். அது கண் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் வருடா வருடம் அதையும் பார்த்துக்கொள்கிறேன்.

மைக்கோஃபினோலேட் கருவுக்கு ஆகாது. அதனால் இப்போது அசதயோப்ரின் என்ற மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். சிறுநீரில் அந்த நுரைக்குக் காரணமான புரதம் ஆறு மாதம் அடங்கியிருந்தால் பிள்ளைக்கு முயற்சிக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். இது நான்காவது மாதம்.