இது யாருடைய கை?

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வீடு வீடாகப் போய் இயன்முறைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. 2021-ல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு இந்த மாதிரி வேலைக்கு ஒரு வழி பிறந்தது. படுக்கையில் கிடப்பவரைத் தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவது என்ன பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் பார்ப்பதில் பெரும்பாலும் பக்கவாதம்.

இடது மூளை அடிபட்டால் வலது கை காலோடு பலருக்குப் பேச்சும் போய்விடும். வலது மூளை அடிபட்டவர்களுக்கு இடது பக்கம் விழும், ஆனால் நன்றாகப் பேசுவார்கள். டீ குடிச்சீங்களா என்று நம்மையே விசாரிப்பார்கள். “பேச்சு தெளிவா இருக்கு, பரவாயில்லை” என்று குடும்பம் ஆறுதல் அடையும். என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் இவர்கள்தான்.

கொழுந்து பறித்தே காலம் கழித்த பாட்டி ஒருவர். “இடது கையைத் தூக்குங்க பாட்டி” என்றால், “தூக்கிட்டேனே சாமி” என்பார். கை மெத்தையில் அசையாமல் கிடக்கும். அதை எடுத்து அவர் கண் முன்னால் பிடித்து, இது யாருடைய கை என்று கேட்டேன். சற்று நேரம் பார்த்தார். “எங்க மாமியா கை” என்றார். மாமியார் இறந்து பல வருஷம் ஆகிறது. மருமகள் அழ ஆரம்பித்துவிட்டார். மந்திரிக்கக் கூட்டிப் போகலாமா என்று மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பாட்டி பொய் சொல்லவில்லை, பேயும் பிடிக்கவில்லை. தன் பக்கவாதத்தைத் தானே உணராத இந்த நிலைக்கு, 1914-ல் பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி அனோசக்னோசியா என்று பெயர் வைத்தார். தன் கையையே இன்னொருவர் கை என்பது அதற்கும் ஒரு படி மேலே. 1991-ல் இத்தாலியில் எட்வார்டோ பிசியாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் இப்படிப்பட்ட ஒரு மூதாட்டியின் இடது காதில் குளிர்ந்த நீரை விட்டார்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை அது தூண்டும். அந்தத் தூண்டல் இருந்த வரைக்கும் கையைத் தன் கை என்று ஒப்புக்கொண்டார். அடங்கியதும் மறுபடி இல்லை என்றார். இருபது வருஷம் கழித்து, லண்டனில் ஐகாடெரினி ஃபோட்டோபூலூ என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். குனிந்து பார்க்கும்போது மறுத்த கையை, கண்ணாடியில் பார்க்கும்போது தன்னுடையது என்றார்கள் நோயாளிகள்.

அதைப் படித்திருந்ததால் பாட்டி வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, அவருடைய வலது பக்கத்தில் பிடித்தேன். “கண்ணாடியில தெரியறது யாரு?” “நான்தான்.” “அந்தக் கை?” “என் கைதான்.” கீழே பார்க்கச் சொன்னேன். “இது இல்ல.” இரண்டு பதிலிலும் துளி சந்தேகம் இல்லை. அன்றைக்குப் பயிற்சி முடிந்து வெகு நேரம் அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் தாத்தா, மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தைப் பாடம் கேட்டவர். 13-ஆம் நூற்றாண்டின் அந்தப் பன்னிரண்டு சூத்திரங்களில் மூன்றாவது, உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்கும். ‘உளதிலது என்றலின்’ முதலாவது: இது நான் இல்லை, இதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாலும், தள்ளுகிற அறிவு ஒன்று மிஞ்சுகிறது. ‘எனதுடல் என்றலின்’ அடுத்தது: என் உடல் என்று சொல்பவர் உடலுக்கு வேறானவராக இருக்க வேண்டும். முதல் காரணம் அந்த வீட்டில் கண்ணெதிரே நின்றது. கையை மறுத்த பாட்டி, மறுப்பவராகக் கொஞ்சமும் குலையாமல் இருந்தார். இரண்டாவதில்தான் நான் தடுமாறுகிறேன். உடலுக்கு வேறான ஒருவர் உரிமைக்காரர் என்றால், மூளையில் அடைத்த ஒரு ரத்தக்கட்டி அந்த உரிமையை எப்படிப் பறிக்கிறது? உயிர் கருவிகள் வழியாகத்தான் அறியும், கருவி பழுதானால் அறிவு மறையும் என்று தாத்தா பதில் சொல்லியிருப்பார். தொடுவுணர்வையும் பார்வையையும் சமநிலையையும் சேர்த்துத்தான் மூளை ‘என் கை’ என்பதையே உண்டாக்குகிறது என்பது நரம்பியலின் பதில். கையைப் பொறுத்தவரை நான் நரம்பியல் பக்கம். ஆனால் தனக்குள் தேடியபோதெல்லாம் சூடு, குளிர், வலி, இன்பம் என்று ஏதோ ஓர் உணர்வுதான் அகப்பட்டது, ‘நான்’ அகப்படவில்லை என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739-ல் எழுதினாரே, அதோடு விஷயம் முடிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ‘இது இல்ல’ என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னது யார்?

இன்னொருவர், அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் தொழிலாளர் குடியிருப்பில் (லைன்) இருக்கும் பெரியவர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். மறதி நோய். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பது போல, “தம்பி எந்த டிவிசன்?” என்பார். டிவிசன் என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு. தான் இன்னும் இலங்கையில் அட்டன் பக்கத்தில் இருப்பதாக நினைப்பு. ஆனால் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துக் தேயிலைச் செடியைக் கவாத்து எப்படி வெட்டுவது என்று கேட்டால், மணிக்கட்டு சரியான சாய்வில் திரும்பும். நான் பிடிக்கும் விதம் தப்பு என்று அதட்டுவார். 1953-ல் வலிப்புக்காக மூளை அறுவை செய்துகொண்ட அமெரிக்கர் ஹென்றி மொலைசனுக்குப் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. அப்படியும் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார் என்று உளவியல் ஆய்வாளர் பிரெண்டா மில்னர் கண்டார். முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. நினைவு எட்டும் தூரம் வரைதான் ஒருவர் அதே ஆள் என்றார் தத்துவவாதி ஜான் லாக். அந்தப் பெரியவரின் அதட்டலைக் கேட்டவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். நான் ஏற்கவில்லை.

அப்புறம் வேலை என்று ஒன்று இருக்கிறது. தன்னுடையது இல்லை என்று ஒருவர் நினைக்கும் கையை அவர் காப்பாற்ற மாட்டார். உடம்புக்கு அடியில் மாட்டி நசுங்கும், தொங்கித் தொங்கித் தோள்பட்டை இறங்கும். குளிருக்குக் கரி அடுப்பைப் பக்கத்தில் வைக்கிற வீடுகளில் சுட்டாலும் தெரியாது. அதனால் வலது மூளை அடிபட்டவர் என்றால் முதல் நாளே கையைக் காட்டி யாருடையது என்று கேட்டுவிடுகிறேன். கேட்காமல் அவர்களாகச் சொல்வது குறைவு. பதிலை அப்படியே நோட்டில் எழுதி, அடுத்து வரும் நர்ஸ் அக்காவிடமும் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் மருமகளிடம், வாதாட வேண்டாம், திட்டவும் வேண்டாம், சாப்பாடு கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கையை எடுத்து அவர் மடிமேல் வையுங்கள், கண்ணாடியைக் கட்டில் உயரத்துக்கு மாட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.